அப்பாவுக்குத் தாய்மாமன் கிடைத்தார்: வீட்டு டி.என்.ஏ. பரிசோதனை வாங்கலாமா?

மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அன்னையர் தினம், கறுப்பு வெள்ளி என்று வம்சாவளிப் பரிசோதனைப் பெட்டிக்குத் தள்ளுபடி போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் போன் செய்வார். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் "நீங்கள் இத்தனை சதவீதம் இந்த நாடு" என்று காட்டும் வண்ணப் படத்துக்காக வாங்காதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காசு கொடுத்து வாங்கத் தகுந்தது, நம்மோடு டி.என்.ஏ. ஒத்துப்போகிற ஆட்களைக் காட்டும் அதன் உறவுப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் உங்களைப் பற்றி மட்டும் பேசாது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி மறைத்து வைத்ததையும் சேர்த்துப் பேசும். அதனால் பெட்டி வாங்குமுன் வீட்டில் மூத்தவர் யாரோ அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் பிறந்தவள். தாத்தா பாட்டி இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், பால்மரம் வெட்டியவர்கள். அம்மா வழி சேலம் பக்கம் என்று கேள்வி. அப்பா வழி எந்த ஊர் என்று கேட்டால் "அந்தக் காலத்துல கங்காணி கூட்டிட்டு வந்தாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஊர் தெரிய வேண்டும் என்றுதான் நான் பெட்டி வாங்கினேன்.

பரிசோதனை எளிது. ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ என்ற நிறுவனங்கள் இரண்டும் எச்சில் கேட்கும். அரை மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம் எல்லாம் நிறுத்திவிட வேண்டும். குழாயில் ஒரு கோடு இருக்கும், அதுவரை நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியைத் திருகினால் உள்ளிருக்கும் திரவம் எச்சிலோடு கலக்கும். குலுக்கி, பையில் போட்டு, தபாலில் சேர்த்தால் சில வாரங்களில் மின்னஞ்சல் வந்துவிடும். மைஹெரிட்டேஜ் எச்சில் கேட்பதில்லை, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்து அனுப்பச் சொல்கிறது. சர்க்கரை நோய், மாத்திரை என்று வாய் உலர்ந்துபோகும் பெரியவர்களுக்குக் குச்சிதான் நல்லது. என் அப்பாவுக்கு அந்தக் கோடு வரை எச்சில் சேர்ப்பது பெரும்பாடாகிவிட்டது. கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது.

இனி சதவீதக் கணக்கு. நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரித் தொகுப்போடு நம் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று போடும் மதிப்பீடு அது. ஐரோப்பியர்களின் மாதிரிகள் ஏராளமாக இருப்பதால் அயர்லாந்தில் எந்தப் பகுதி என்பது வரைக்கும் அவர்களுக்குச் சொல்ல முடிகிறது. என் அம்மா பக்கத்துக்கு வந்த பதில் "தென்னிந்தியா". சேலமா, திருச்சியா, வட ஆற்காடா என்றால் மௌனம்தான். அதோடு கணக்கிடும் முறையையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். முதலில் ஒன்றிரண்டு சதவீதமாகக் காட்டிய ஏதோ ஒரு தேசம் அடுத்த முறை திறக்கும்போது காணாமல் போயிருக்கும். அதை நம்பி யாரும் வம்சக் கதை எழுதிவிட வேண்டாம். ஆனால் இந்தியா, சீனா, ஐரோப்பா என்கிற பெரிய பிரிவில், அதுவும் பெரிய எண்ணாக வந்தால், அதைத் தள்ளிவிட முடியாது.

எனக்கு அப்படித்தான் வந்தது. தென்சீனா, 23 சதவீதம்.

நாலில் ஒரு பங்கு என்றால் பெரும்பாலும் தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் முழுச் சீனராக இருக்க வேண்டும். மலேசியத் தமிழர்களுக்கு இது விளங்காத விஷயம் இல்லை. சீனக் குடும்பங்கள் வறுமையாலோ, பெண் பிள்ளை அதிகம் என்பதாலோ, ஜாதகம் சரியில்லை என்று சொல்லியோ கைக்குழந்தையைத் தமிழர் வீட்டில் கொடுத்துவிடுவதும், அந்தப் பிள்ளை சேலை கட்டி, தமிழ் பேசி, தமிழச்சியாகவே வாழ்ந்து முடிவதும் அங்கே நடந்திருக்கிறது. எங்கள் தோட்டத்திலேயே அப்படி ஒரு பாட்டி இருந்தார், எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சே இருந்ததில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி நான் பிறக்குமுன்பே போய்விட்டார். இருக்கிற ஒரே படத்தில் பெரிய பொட்டு, மூக்குத்தி, கழுத்து நிறையத் தாலிச்சரடு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவர்.

அந்த எண்ணை அப்பாவிடம் நான் காட்டவில்லை. முதலில் அப்பாவின் அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தை எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அம்மா சொல்லிச்சு. தம்பிங்ககிட்ட சொல்லாதேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிச்சு" என்றார். பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ, பையன்களைத் தோட்டத்தில் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவார்களோ என்கிற பயம் பாட்டிக்கு. குழந்தையை எடுத்ததுமே பாட்டியை வளர்த்தவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனதும் அதனால்தான். ஐம்பது வருஷம் காப்பாற்றிய சத்தியத்தை அத்தையிடமிருந்து ஒரு எச்சில் குழாய் பிடுங்கிக்கொண்டது. அவர் அழுதார். அப்புறம், "உங்கப்பாகிட்ட நான்தான் சொல்வேன், நீ சொல்லாதே" என்றார். அவரே சொன்னார். இந்தப் பொருளைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தச் செய்தி யாருடையதோ, சொல்லும் உரிமையும் அவருடையதுதான். நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி "உங்கள் முடிவுகள் தயார்" என்றுதான் வரும்.

அப்பா மெல்பர்ன் வந்திருந்தபோது அவராகவே கேட்டு எச்சில் கொடுத்தார். தென்சீனா, சரிபாதி.

உறவுப் பட்டியலின் அருமை அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பரிசோதனை செய்த எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, எவ்வளவு நீள டி.என்.ஏ. பொதுவாக இருக்கிறது என்று சென்டிமார்கன் என்னும் அளவில் சொல்கிறார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ 3,400 அல்லது அதற்கு மேல். கூடப்பிறந்தவர்களுக்குச் சராசரியாக 2,600. அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பொதுவென்றால் 1,750 வாக்கில். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் பிள்ளைகளுக்கு 850 பக்கம் வரும். தாத்தா பாட்டி காலத்து உடன்பிறப்புகளின் பேரப்பிள்ளைகள் என்றால் 230 பக்கம், இதில் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. என் பட்டியலில் 251 என்று பெர்த்தில் ஒரு சீனப் பெண் இருந்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் 470. கணக்கு இடிக்கவே இல்லை: அவளுடைய தாத்தாவும் என் பாட்டியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அவளுக்கு நான் எழுதியது நாலே வரி. எங்கள் பாட்டி 1930களின் தொடக்கத்தில் பேராக்கில் பிறந்தவர், தமிழர் வளர்த்தவர், உங்கள் வீட்டில் ஏதாவது தெரியுமா, பதில் எழுத விருப்பம் இல்லையென்றால் பரவாயில்லை. மறுநாளே நீண்ட பதில் வந்தது. அவர்கள் ஹக்கா என்னும் சீனப் பிரிவு மக்கள். கிந்தா பள்ளத்தாக்கில் கோப்பெங் பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை. உலகப் பொருளாதார மந்தத்தில் ஈய விலை விழுந்து, 1931இல் உற்பத்திக்குக் கட்டுப்பாடும் வந்து, சுரங்கங்கள் ஆட்களைக் கழித்துவிட்ட நேரம். வீட்டில் ஏற்கெனவே வரிசையாகப் பெண்கள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்ததும், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய தாத்தாவுக்கு அப்போது எட்டு வயது. தன் அம்மாவோடு அவரும் கூடப் போனாராம். துணியில் சுற்றிய தங்கச்சியைப் பாதி வழி அவர்தான் தூக்கிக்கொண்டு போனாராம். சிவப்புத் தாளில் மடித்துக் கொஞ்சம் காசு கொடுத்தார்கள், வாசலிலேயே குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பெரியவனானதும் போய்த் தேடியிருக்கிறார். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அவரது படத்தையும் அனுப்பியிருந்தாள். வெள்ளைப் பனியன், கையில் சிகரெட். காது மடல் அப்படியே எங்கள் சித்தப்பாவுக்கு இருப்பது போல வெளியே மடங்கியிருந்தது. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னது ஒரே வாக்கியம்: "அப்போ எனக்குத் தாய்மாமன் இருந்திருக்காரு."

பாட்டி ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர் என்பதால் அந்த வீட்டில் தாய்மாமன் என்கிற இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. அப்பாவுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்தது பக்கத்து வீட்டு மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர். அத்தை வயசுக்கு வந்தபோது சீர் கொண்டு வந்ததும் அதே மண்டோர் வீடுதான். எங்கள் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கு அது ஒரு குறைதான். அந்த நேரமெல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள் நிஜத் தாய்மாமன் ஒருவர் இருந்திருக்கிறார், தங்கச்சியைத் தேடிக்கொண்டும் இருந்திருக்கிறார். இணையதளம் காட்டிய படத்தில் இது எதுவும் இல்லை. அது காட்டியது ஒரு கோடும் ஒரு எண்ணும்தான். மீதியைக் குடும்பங்கள்தான் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈப்போ திரும்பியதும் அப்பா, தன் மாமன் மகனை, அதாவது பெர்த் பெண்ணின் அப்பாவை, ஒரு காப்பிக்கடையில் சந்தித்தார். இவருக்கு ஹக்கா தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் பேச்செல்லாம். ஏப்ரலில், சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சிங் மிங் நாளுக்கு அவர்கள் கூப்பிட்டார்கள். என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அப்பா என்னிடம் போனில் கேட்டார். ஆரஞ்சுப் பழம் என்றேன்.

எங்கள் வீட்டில் இது நல்லபடியாக முடிந்தது என்று எல்லோர் வீட்டிலும் அப்படி ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். என் தோழி ஒருத்தியும் அவள் தம்பியும் விளையாட்டாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2,600 வர வேண்டிய இடத்தில் 1,700 சொச்சம் வந்தது. பெற்றோர் இரகசியமாகக் கருத்தரிப்பு மையத்துக்குப் போய், தானம் பெற்ற விந்தணுவில் பிறந்தவன் தம்பி என்பது நாற்பது வயதில் அவனுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. விக்டோரியா மாநிலத்தில் 2017 மார்ச் 1 முதல், தானத்தில் பிறந்தவர்கள் எப்போது பிறந்திருந்தாலும் கொடையாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சட்டமே வழிவிடுகிறது. ஆனால் தான் அப்படிப் பிறந்தவன் என்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்? சட்டத்தைப் போலல்லாமல் இந்தப் பெட்டி கேட்காமலே சொல்லிவிடுகிறது. பிரான்ஸில் வீட்டு டி.என்.ஏ. பரிசோதனை சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். முழுத் தடை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் கவலையைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

தமிழர்கள் பட்டியலைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்கள் நாம். இரண்டு பேர் ஒரே ஒரு வழியில்தான் சொந்தம் என்று வைத்துக்கொண்டு இந்த நிரல்கள் கணக்குப் போடுகின்றன. நமக்கோ இரண்டு மூன்று வழியில் சொந்தம் இருக்கும், அதனால் எண் ஊதிப்போய்த் தூரத்து உறவு கிட்டத்து உறவாகத் தெரியும். என் அம்மாவின் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். அம்மா வழியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒருவர் என் பட்டியலில் வந்தார், தளம் சொன்னதைவிட ஒரு தலைமுறையாவது தள்ளித்தான் அவர் இருக்க வேண்டும். ஆனாலும் அவரால் பெரிய உதவி. 1860இலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கப்பல் பதிவேடு உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வரியில் "சேலம் ஜில்லா, ஆத்தூர் தாலுகா" என்று இருந்தது. கங்காணி வழியாக மலாயா வந்த எங்களுக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. அவருடைய காகிதத்தால்தான் எங்களுக்கும் ஒரு தாலுகாப் பெயர் கிடைத்திருக்கிறது.

சேவையில் எனக்கு உள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குடும்ப மரம் போடும் படிவம் ஆளுக்கொரு குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடிக்கிறது. நம் பெயருக்குப் பின்னால் வருவது அப்பா பெயர், அப்பாவுக்குப் பின்னால் தாத்தா பெயர். அது அப்பாவின் பெயரைப் பரம்பரைப் பெயராக எடுத்துக்கொண்டு, அதே பெயருள்ள முகம் தெரியாத ஆட்களையெல்லாம் "உங்கள் மூதாதையராக இருக்கலாம்" என்று வாராவாரம் அனுப்பியது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன், பிரச்சினையைப் புரிந்துகொண்டதாகக்கூடத் தெரியவில்லை. பெட்டிக்கு நூறு டாலர் பக்கம் வாங்கிவிட்டு, பட்டியலைச் சரியாக அலச வேண்டுமென்றால் மாதாமாதம் சந்தா கட்டு என்பதும் நியாயமில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சென்டிமார்கன் அட்டவணையை வைத்துக்கொண்டே நான் என் வேலையை முடித்தேன். சந்தா தேவைப்படவில்லை.

பாதுகாப்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2023இல் 23அண்ட்மீயில் ஊடுருவி சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். யூத, சீன வம்சாவளியினரின் பட்டியல்களைத் தனியாகப் பிரித்தே விற்பனைக்கு வைத்தார்கள் என்பதைப் படித்தபோது, பாதிச் சீனரான என் அப்பாவை நினைத்து எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்து, கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் அறநிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. கடன் அட்டை விவரம் திருடு போனால் வேறு அட்டை வாங்கலாம், டி.என்.ஏ.வை மாற்ற வழியில்லை. அப்புறம், வெவ்வேறு நிறுவனங்களின் முடிவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் நம் டி.என்.ஏ. கோப்பைப் பதிவேற்றினால் உறவு இன்னும் கிடைக்கும். ஆனால் 2018இல் கலிஃபோர்னியாவில் பழைய தொடர் கொலைகாரனைப் போலீஸ் பிடித்தது அந்தத் தளம் உள்ளிட்ட வம்சாவளித் தளங்களில் இருந்த தூரத்து உறவினர்களை வைத்துத்தான். அதைத் தெரிந்துகொண்டு பதிவேற்றுங்கள். முடிவு வந்ததும் எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கும். நான் அப்பாவுடையதையும் என்னுடையதையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

அத்தையும் கடைசியில் ஒரு பெட்டி கேட்டார். பாட்டி பாதியை அவருக்குள்ளும் பார்க்க வேண்டுமாம், ஆனால் இனி யாரும் தேடி வர வேண்டாம் என்றார். பதிவு செய்யும்போதே உறவுப் பட்டியலை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அவருடையதை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம்.